மேட்டில் மட்டும் மோட்டார் நிற்கிறது: வாடகை மின்சைக்கிள், ரிங்லெட், உதவி தேவை

கிள்ளான்காரி:
பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலைக்கு வந்திருக்கிறேன். ரிங்லெட்டில் பெரியம்மா வீட்டில் தங்கல். இங்கே ஒரு கடையில் இரண்டு நாளுக்கு மின்சைக்கிள் எடுத்தேன். தானா ராத்தா டவுன் 13 கிலோமீட்டர்தானே என்று காலையில் கிளம்பினேன். ஏரிக்கரை வரை சொர்க்கம். ஹாபு தாண்டி மேடு தொடங்கியதும் மோட்டார் செத்துவிட்டது. மீட்டர் எரிகிறது, வேகம் காட்டுகிறது, ஆனால் மிதித்தால் துணை வரவில்லை. பின்னால் முட்டைக்கோஸ் லோரி ஹார்ன் அடிக்கிறது. ஓரமாக நின்று கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொண்டு ஏறினால் மறுபடியும் ஓடுகிறது! இரண்டு வளைவு போனதும் திரும்பவும் அதே கதை. இப்படி நான்கு முறை. பேட்டரிக் கோடும் சமதரையில் மூன்று, மேட்டில் ஒன்று, நின்றால் மூன்று. கடைக்குப் போன் செய்தால் தவ்கே (முதலாளி), “நீங்க ரொம்ப வெயிட்டு லா” என்கிறார். நாளை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் போக ஆசை. என்ன கோளாறு?

ஈப்போ மிதிவண்டி:
பேட்டரி கிழடு. மேட்டில் இழுக்க முடியாமல் படுத்துவிடும். வேறு பேட்டரி கேளுங்கள்.

தாப்பா ஒர்க்‌ஷாப்:
பேட்டரி என்று அவசரப்பட்டுச் சொல்ல முடியாது. பேட்டரி தானாகக் கட் ஆனால் மீட்டரும் சேர்ந்து அணைந்துவிடும். தங்கச்சிக்கு மீட்டர் எரிகிறது. கோடு ஏறி இறங்குவதும் நோய் இல்லை. 36 வோல்ட் பேட்டரி நிரம்பினால் 42 வோல்ட் நிற்கும்; மேட்டில் மோட்டார் கரண்டை உறிஞ்சும்போது வோல்ட் தாழும், மீட்டர் அதைப் பார்த்துக் கோட்டைக் குறைக்கும், நின்றதும் ஏற்றிவிடும். இன்னொரு சந்தேகம் சூடு. மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிறதா, பெடல் பக்கமா? சக்கரத்தில் என்றால், ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போது கரண்டில் பாதி சூடாகவே போகும். நின்ற உடனே தொட்டுப் பார்த்தீர்களா? அப்புறம், நின்றபோது என்னென்ன செய்தீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

கிள்ளான்காரி:
பின்சக்கரம்தான் அண்ணே. தொட்டேன், வெதுவெதுப்பு, அவ்வளவுதான். நின்று என்ன செய்தேன்? தண்ணீர் குடித்தேன். ஒருமுறை பெரியம்மா கட்டிக்கொடுத்த வடை சாப்பிட்டேன். சைக்கிளை ஒன்றும் செய்யவில்லையே.

தாப்பா ஒர்க்‌ஷாப்:
தண்ணீர் போத்தல் எங்கே இருந்தது?

கிள்ளான்காரி:
கைப்பிடியில் மாட்டிய துணிப்பையில். மழைக்கோட்டு, போத்தல், வடை எல்லாம் அதில்தான்.

தாப்பா ஒர்க்‌ஷாப்:
ஆள் மாட்டிக்கொண்டது. பிரேக் பிடிக்குள் ஒரு சின்ன சென்சார் உண்டு. பிடி ஒரு நூல் அசைந்தாலே மோட்டாரை நிறுத்திவிடும், பிரேக் கட்டை உரசும் முன்பே. அதனால் பிரேக் பிடித்த மாதிரியே தெரியாது. பையின் காது பிடியின் மேல் கிடக்கிறதா, பாருங்கள். மேட்டில் நீங்கள் எழுந்து மிதிப்பீர்கள், பை ஆடும், காது பிடியை அழுத்தும். தண்ணீர் குடிக்கப் பையைத் தூக்கினால் சரியாகிவிடும். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால் சுற்றுங்கள். மோட்டார் ஓடும்போது அந்தக் காதை லேசாக அழுத்திப் பாருங்கள்.

கிள்ளான்காரி:
அண்ணே!!! இப்போதுதான் லயத்து வாசலில் வைத்துப் பார்த்தேன். காதை அழுத்தினால் நிற்கிறது, விட்டால் ஓடுகிறது. பெரியம்மா சிரித்துக்கொண்டே இருக்கிறார். இடது பிடியில்தான் சுற்றியிருந்தது. பையை முதுகுக்கு மாற்றிவிட்டேன்.

ஈப்போ மிதிவண்டி:
சரி, பேட்டரி என்று சொன்னது தப்பு. ஆனால் நாளைக்குக் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். பேட்டரியில் என்ன எழுதியிருக்கிறது?

கிள்ளான்காரி:
36 வோல்ட், 10 ஆம்பியர் மணி.

ஈப்போ மிதிவண்டி:
அதாவது 360 வாட் மணி. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால் 100 மீட்டர் ஏற 25 வாட் மணி. மோட்டார் வீணாக்குவதையும் சேர்த்தால் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் மிதித்தால் அதில் பாதி குறையும். தானா ராத்தா 1,440 மீட்டர். ஆசைப்பட்டுப் பிரிஞ்சாங் மலை உச்சிக்குப் போகாதீர்கள். அது 2,000 மீட்டருக்கும் மேல். மிதிக்காமல் மோட்டாரையே நம்பினால், தானா ராத்தாவிலிருந்து உச்சிக்கே 200 வாட் மணிக்கு மேல் தின்னும். சுங்கை பாலாஸ் போதும். தோட்டத்துப் பாதை ஒற்றைக் கார் அகலம்தான், எதிரில் வண்டி வந்தால் இறங்கி ஓரமாக நில்லுங்கள். கீழே இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள், விட்டு விட்டுப் பிடியுங்கள்; இல்லாவிட்டால் பிரேக் தட்டு சூடாகிவிடும்.

தாப்பா ஒர்க்‌ஷாப்:
மேடு தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு மாற்றிவிடுங்கள், நடுவில் மாற்றினால் சங்கிலி கத்தும். அதுசரி, நாளை திங்கள் ஆயிற்றே? அங்கே தேநீர்க் கூடம் வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

கிள்ளான்காரி:
ஐயோ, ஆமாம். அப்படியானால் செவ்வாய்தான். ஒரு நாள் கூட்டிக் கேட்டேன், தவ்கே சரி என்றுவிட்டார். பை விஷயத்தை அவரிடம் மூச்சு விடவில்லை.