பாரதக் கூத்து வைக்கும் ஊர்களுக்கு: தரை, மைக், மத்தளம், வேஷம், படுகளம் (அனுபவப் பகிர்வு)

களரிமண்:

பங்குனி பிறந்துவிட்டால் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் ஒவ்வொன்றாகக் கொடி ஏறும். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, செஞ்சிப் பக்கமெல்லாம் கோடை முழுக்க இதே பேச்சுதான். மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம் என்று போய்ப் பதினெட்டாம் போரில் விடியும். அன்று காலையே, துரியோதனனைப் பெரிய மண் உருவமாகப் படுக்கவைத்து பீமன் தொடையில் அடிக்கும் படுகளம், சாயங்காலம் தீமிதி. எவ்வளவு பெயர் வாங்கிய ஜமாவாக (கூத்துக் குழுவாக) இருந்தாலும், ஊர் செய்யவேண்டியதைச் செய்யாவிட்டால் கூத்து சோபிக்காது. விழாக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்றுதான் இந்தப் பகிர்வு. விவரம் தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

நான் தரையைப் பற்றிச் சொல்கிறேன். கூத்தாடும் இடமான களரி 15 அடிக்கு 15 அடி போதும்; 20 அடியைத் தாண்டவேண்டாம். பெரிசாக விட்டால் ஆடுகிறவர் ஓடியே களைத்துப்போவார், பேச்சும் ஜனங்களுக்கு எட்டாது. பின்பாட்டும் பக்கவாத்தியமும் உட்காரும் பெஞ்சைக் காற்று வரும் பக்கம் போடுங்கள். காற்று பெஞ்சிலிருந்து ஜனங்களை நோக்கி அடிக்கவேண்டும். எதிர்க்காற்றில் உட்காரவைத்தால் எவ்வளவு கத்திப் பாடினாலும் நாலாவது வரிசைக்குப் போகாது.

தரையை முதல் நாளே மண்வெட்டியால் செதுக்கி, வேலிக்காத்தான் முள், பாட்டில் சில்லு, பந்தல் ஆணி எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். ஆடுவது வெறுங்காலில். சாயங்காலம் 5 மணிக்கு மண் ஊறும்படி தண்ணீர் விடுங்கள், 9 மணிக்கு லேசாகத் தெளித்தால் போதும். தெளிக்காவிட்டால் அடவு வைக்கிற ஒவ்வொரு தடவையும் புழுதி கிளம்பி, சீக்கிரமே பாடுகிறவர் தொண்டை கட்டிவிடும். 10 மணிக்கு மேல் குடம் குடமாக ஊற்றினால் மேல்மண் சேறாகிக் கால் வழுக்கும். கோயில் முன்னால் சிமெண்டுத் தரை போட்டுவிட்ட ஊர்கள் இப்போது நிறைய. அங்கே 3 அங்குலத்துக்குச் செம்மண் பரப்பி, நனைத்து, முந்தின நாளே திமுசுபோட்டு இறுக்குங்கள். வெறும் சிமெண்டில் ராத்திரி முழுக்கக் குதித்தால் முழங்கால் என்னாகும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மணலைக் கொட்டிவிட்டு அப்படியே விடுவது அதைவிட ஆபத்து, சுற்றி ஆடும்போது கால் இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொன்று, அன்பளிப்பு அறிவிப்பு. துரியோதனன் திரையை விட்டு வெளியே வருகிற நேரம் பார்த்து "இன்னார் இவ்வளவு" என்று மைக்கைப் பிடுங்காதீர்கள். ஒருத்தர் நோட்டில் எழுதிக்கொண்டே வரட்டும். கூத்தைத் தொடங்கிவைக்கும் களரி கட்டும் வாசிப்புக்கு முன்னால் ஒரு தடவை, கோமாளியாக வந்து கதையை நடத்திப்போகும் கட்டியங்காரன் இடம் கொடுக்கும்போது ஒரு தடவை, சேர்த்துப் படித்துவிடலாம்.

சவுண்ட்செட்:

களரிமண் அண்ணன் காற்றைப் பற்றிச் சொன்னதை எங்கள் தொழிலில் இருக்கிறவர்களே பலர் யோசிப்பதில்லை.

கூத்துக்குக் காலர் மைக் ஒத்துவராது. தோளில் கட்டும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் உரசி உரசி கரகரவென்று சத்தம்தான் வரும், வேர்வையில் மைக்கும் போகும். களரிக்கு மேலே குறுக்கே கம்பி இழுத்து, 9 அடி உயரத்தில் இரண்டு தொங்கு மைக். கிரீடம் வைத்து ஆடுகிறவர் குதித்தாலும் இடிக்காத உயரம் அது. பெஞ்சுக்கு இரண்டு ஸ்டாண்டு மைக்: பின்பாட்டுக்கு ஒன்று, முகவீணைக்கும் (சின்ன நாகசுரம் போன்ற ஊதுகருவி) மத்தளத்துக்கும் நடுவில் ஒன்று. ஆர்மோனியத்துக்குத் தனி மைக் வேண்டாம். கொடுத்தால் அந்தச் சுருதி ஓசை எல்லாவற்றையும் மூடிவிடும். திரை பிடிக்கிற இடத்துக்கு நேர் மேலே ஒரு தொங்கு மைக் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வேஷக்காரர் முகம் காட்டுவதற்கு முன்னால் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிற விருத்தம் அங்கிருந்துதான் வரும். அது கேட்காவிட்டால் வருவது யாரென்றே ஜனங்களுக்குப் புரியாது.

எக்கோவை அடியோடு நிறுத்துங்கள். எக்கோ போட்டால் குரல் கம்பீரமாக இருக்கும் என்று எங்கள் பையன்களே நினைக்கிறார்கள். விருத்தத்தில் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறி, கடைசியில் ஒரு வரிகூட விளங்காது. பேஸையும் குறைத்து வையுங்கள். கூத்துக் குரல் உச்சத்தில் போகிற குரல், கட்டியங்காரன் பேச்சு படபடவென்று விழுகிற பேச்சு, இரண்டுக்கும் பேஸ் எதிரி. ஸ்பீக்கர் பெட்டிகள் களரியின் முன் கோட்டுக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்து நிற்கவேண்டும். தொங்கு மைக்குக்குப் பின்னால் பெட்டி போனால் ராத்திரி முழுக்கக் கூவும்.

விளக்குக்கு 1000 வாட் ஆலசன் நான்கு போட்டால் அதுவே 4 கிலோவாட். 5 கேவிஏ ஜெனரேட்டர் ஏறத்தாழ அவ்வளவுதான் தாங்கும், ஆம்பிளிஃபயர் போட இடமிருக்காது. அந்தச் சூட்டில் முகப்பூச்சும் வழியும். 200 வாட் எல்.இ.டி. நான்கு போதும், ஆனால் நீல வெள்ளை வாங்காதீர்கள். அந்த வெளிச்சத்தில் சிவப்புப் பூச்சு பழுப்பாகத் தெரியும். துரியோதனன் முகம் செத்துப்போய்விடும். மஞ்சள் சாய்ந்த வெளிச்சம் கேட்டு வாங்குங்கள். ஜெனரேட்டரை 100 அடியாவது தள்ளி, காற்று போகிற பக்கம் வையுங்கள். கம்பத்தில் கொக்கி போடுகிற வேலையே கூடாது. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுத்தால் முறையாகக் கிடைக்கும்.

முன்வரிசை:

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா, கலை விழாக்களுக்காக மாநில அரசு 12 வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகக்கூடாது. காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுத்து, எந்தெந்த நாள், எந்த நேரம் வரை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

12 மணிக்கு மேல் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மைக் இல்லாமல் ஆடலாம். கூத்துக் குரலும் முகவீணையும் மைக் வருவதற்கு முன்னாலிருந்தே திறந்தவெளிக்காகப் பழகியவை. ஜனங்களை மூன்று பக்கமும் நெருக்கி, கடைசி வரிசை 40 அடிக்குள் இருக்கும்படி உட்காரவையுங்கள். பாய் முன்னால், நாற்காலி பின்னால். கடைகளையும் ராட்டினத்தையும் கோயிலுக்கு மறுபக்கம் தள்ளுங்கள். அந்த அமைதியில் துகில் காட்சி நடக்கும்போது கிடைப்பதை எந்த ஸ்பீக்கரும் கொடுக்காது. அந்தக் காட்சியில் கற்பூரம் ஏற்றுவார்கள், சிலருக்கு அருள் வரும். முன்னால் 6 அடி காலியாக விட்டு, தண்ணீரோடு இரண்டு மூன்று பெரியவர்கள் தயாராக நிற்கட்டும்.

வலந்தலை:

கோடையில் பக்கவாத்தியத்துக்குத்தான் பெரிய சோதனை. சாயங்காலம் அனல் காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறும். பின்னிரவில் பனி இறங்கினால் தளரும். ஆர்மோனியம் நின்ற இடத்தில் நிற்கும். மத்தளம்தான் அதைத் தேடிப் போகவேண்டும். அதனால் 10 மணிக்குச் சேர்த்ததோடு முடிந்தது என்று இருக்கக்கூடாது. ஒவ்வொரு புது வேஷம் திரைக்கு வரும் முன்னால் தட்டிப் பார்த்து, கல்லும் புள்ளும் (தட்டிச் சுருதி சேர்க்கும் சின்ன மரக்கட்டை) எடுத்துச் சரிசெய்யவேண்டும். இடந்தலையில் (மத்தளத்தின் இடது பக்கத் தோலில்) அப்பும் ரவை காற்றில் சீக்கிரம் காய்ந்து உரிந்துவிடும். பிசைந்த ரவையை ஈரத்துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்திருங்கள். விளக்குக்கு நேர் எதிரே மத்தளத்தை வைத்தால் கரணை (வலது பக்கத் தோலின் கறுப்புப் பூச்சு) வெடிக்கும்.

முகவீணைக்காரர் இன்று கிடைப்பதே அரிது. கிடைத்தால் பெஞ்சில் அவருக்கு நடு இடம் கொடுங்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளி காய்ந்தால் ஓசை பிளந்துவிடும். அவர் கையருகே ஒரு சொம்புத் தண்ணீர் எப்போதும் இருக்கவேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் கவனிக்கிற ஊர் குறைவு.

களரிமண்:

களரியில் ஈசல் மொய்த்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். கோடை மழை பெய்த அன்று ராத்திரி ஈசல் கிளம்பினால் பாடுகிறவர் வாயைத் திறக்க முடியாது. களரி விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு, 50, 60 அடி தள்ளி ஒரு பிரகாசமான விளக்கைத் தாழக் கட்டி, கீழே அகலமான அண்டாவில் தண்ணீர் வையுங்கள். ஈசல் எல்லாம் அங்கே போய் விழும். குறைந்த பிறகு களரி விளக்கைப் போடலாம்.

அரிதாரம்:

வேஷக் கொட்டகைக்கு மேலே ஓலை போடுங்கள், தகரம் வேண்டாம். பகலில் குடித்த சூட்டைத் தகரம் முன்னிரவில் உள்ளே கக்கும், பூச்சு நிற்காது. பூசுவதற்கு முன் முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவித் துடைத்து, எண்ணெயை மிகக் குறைவாகத் தடவவேண்டும். வேர்க்கிறதே என்று எண்ணெயைக் கூட்டினால் சிவப்பும் வெள்ளையும் கலந்து ஓடும். கட்டை கட்டும் கயிறுகளைப் பகலிலேயே இழுத்துப் பாருங்கள். பழைய வேர்வை உப்பில் இற்றுப்போன கயிறு அடவின் நடுவில்தான் அறும்.

கட்டை, பதக்கம், கச்சை எல்லாம் இறுக்கிக் கட்டிய பிறகு மூச்சு மேலோடுதான் போகும். அதனால் சாப்பாடு வேஷம் கட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், அளவாக. ஐஸ் போட்ட எதையும் கொடுக்காதீர்கள், தொண்டை பிடித்துக்கொள்ளும். நீர்மோரில் உப்புப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும். குடித்தால் அவிழ்க்கவேண்டி வருமே என்று பலர் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். மயக்கம் வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பெண் கலைஞர்கள் வருகிற ஜமா என்றால் தாழ்ப்பாள் உள்ள அறையும் கழிப்பறையும் ஊர் முதலில் செய்யவேண்டிய ஏற்பாடு.

மண்பாவை:

படுகளத்தை யாரும் இன்னும் தொடவில்லையே. துரியோதனன் உருவம் 40 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 5 அடி அகலம், ஒன்றரை அடி கனம் என்றால் 300 கன அடி, அதாவது 3 யூனிட் மண் (ஒரு யூனிட் 100 கன அடி). முழுக்கக் களிமண்ணால் செய்யாதீர்கள், சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். உள்ளே மணல் கலந்த மண்ணைக் கொட்டி, நனைத்து இறுக்கி, மேலே மூன்று நான்கு அங்குலம் மட்டும் களிமண். களிமண்ணோடு பொடியாக நறுக்கிய வைக்கோல் சேர்த்து மிதித்தால் விரிசல் குறையும். ஏரி மண் என்றால் வருவாய்த் துறையில் முன்பே எழுதி அனுமதி வாங்குங்கள். கடைசி நேரத்தில் டிராக்டர் மாட்டினால் விழாவே நிற்கும்.

உள்மண்ணை முந்தின நாள் பகலில் போட்டுவிடலாம். மேல்பூச்சையும் முகத்தையும் ராத்திரியில் செய்யவேண்டும். விடிந்ததும் ஈரச் சாக்கு போட்டு மூடி, வண்ணம் தீட்டும் பகுதியை மட்டும் திறந்து திறந்து வேலை செய்யுங்கள். ரத்தம்போல் வழிவதற்காகக் குங்குமத் தண்ணீர் ஊற்றித் தொடையில் புதைக்கும் பானை புதுசாக இருந்தால் தண்ணீர் கசிந்து மண்ணை இளக்கிவிடும். உள்ளே பிளாஸ்டிக் உறை போட்டு, படுகளம் தொடங்கும் சமயத்தில் ஊற்றுங்கள். பானைக்கு மேல் ஒரு அங்குல மண்தான் இருக்கவேண்டும். கூடினால் பீமன் அடித்தாலும் உடையாது, ஜனங்கள் முன்னால் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார்.

நான் அதிகம் பயப்படுவது வேஷக்காரர்களுக்காகத்தான். ராத்திரி முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடிய அதே துரியோதனனும் பீமனும் திரௌபதியும் தூங்காமல் வெயிலில் வந்து அந்த உருவத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். படுகளத்தைக் காலை 9 மணிக்குள் முடிக்கப் பாருங்கள். 11 மணிக்குத் தள்ளினால் மண் காலைச் சுடும். உருவத்தைச் சுற்றி 12 அடிக்குத் தண்ணீர் தெளித்து, கயிறு கட்டி, ஜனங்களை வெளியே நிறுத்துங்கள். செல்போனில் படம் பிடிக்கிறவர்கள் உள்ளே புகுந்தால் ஓடுகிறவருக்கு வழி இருக்காது. கூத்து முடிந்ததற்கும் படுகளத்துக்கும் நடுவில் கிரீடத்தையும் கட்டையையும் கழற்றிவிட்டு ஒரு மணி நேரமாவது நிழலில் படுக்கவிடுங்கள். பேச்சு குழறினாலோ வேர்வை திடீரென்று நின்றாலோ அது வெயில் தாக்கியதற்கு அடையாளம். அருள் என்று நினைத்துச் சுற்றி நின்று கும்பிடாமல் கட்டுகளை அவிழ்த்து, நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள்.

அரிதாரம்:

மண்பாவை ஐயா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். அந்த நாளுக்கு மட்டும் துரியோதனனுக்கும் பீமனுக்கும் மாற்று ஆள் உண்டா என்று கூத்துக்குப் பேசித் தாம்பூலம் கொடுக்கும்போதே ஜமா வாத்தியாரிடம் கேட்டுவிடுங்கள். ராத்திரிக்கு ஒருவர், படுகளத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொடுக்க நல்ல ஜமாவில் ஆள் இருக்கும். அதற்கான கூலியைத் தனியாகப் பேசி முடித்துக்கொள்ளவேண்டியது ஊரின் பொறுப்பு.