10×9 அடி அறையில் வீட்டு அலுவலகம்: மேசை எந்தச் சுவரில், விளக்கு எங்கே, எதிரொலிக்கு என்ன வழி?

நீலச்சுவர் கேட்டது:

அறை கிழக்கு மேற்காக 10 அடி, வடக்கு தெற்காக 9 அடி. உயரம் 9.5 அடி. மேற்குச் சுவர் நடுவில் 4 அடி அகல சன்னல், சாயங்கால வெயில் நேரே உள்ளே வரும். இரண்டரை அடி கதவு வடக்குச் சுவரின் கிழக்குக் கோடியில். உள்பக்கம் திறந்து கிழக்குச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று, தெற்குச் சுவரில். கூரை நடுவில் ஒரு டியூப்லைட்.

இருப்பவை: 4×2 அடி மர மேசை (உயரம் 75 செ.மீ., டிராயர் இல்லை), உயரம் மாற்றக்கூடிய நாற்காலி, லேப்டாப், 24 அங்குல மானிட்டர். என் உயரம் 162 செ.மீ., வலது கைப் பழக்கம். மேசை இப்போது சன்னலைப் பார்த்தபடி இருக்கிறது. மதியத்துக்குமேல் கண் கூசுகிறது, தோள்பட்டை இறுகுகிறது. வீடியோ காலில் குரல் குகைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறதாம்.

நாலு சுவருக்கும் அடர்நீலம் அடிக்கலாம், எதிரொலிக்கு முட்டை அட்டை மாதிரி இருக்கும் ஃபோம் ஒட்டலாம், காற்றைச் சுத்தம் செய்ய நாலைந்து செடி வைக்கலாம் என்று யோசனை. எதை முதலில் செய்வது?

---

மரத்தூள் எழுதியது:

பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம், முதலில் டேப்பை எடுங்கள். தோள் இறுகுவதற்குக் காரணம் அநேகமாக அந்த 75 செ.மீ. மேசை உயரம்தான். நாற்காலியில் பாதம் முழுவதும் தரையில் படும்படி உட்கார்ந்து, கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மட்டும் மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை அடிப்பாகம் வரை அளந்து பாருங்கள். உங்கள் உயரத்துக்கு 63–66 செ.மீ.க்குள் இருக்கும். மேசையோ அதைவிட 10 செ.மீ. மேலே நிற்கிறது. அதை எட்டத்தான் நாள் முழுக்கத் தோளைத் தூக்கியே வைத்திருக்கிறீர்கள்.

வழி இரண்டு. ஒன்று, நாற்காலியை 10 செ.மீ. ஏற்றி, காலடியில் அதே உயரத்துக்குப் பலகை போடுவது. பலகை குறைந்தது 45 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் கால் நகர இடமிருக்காது. இரண்டாவது, மேசைக் காலை அறுப்பது. மர மேசை என்பதால் நான் அறுக்கத்தான் சொல்வேன். ஆனால் ஒரு வாரம் பலகையோடு உட்கார்ந்து, சரியான உயரம் எது என்று தெரிந்த பிறகு. மேசையைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு காலிலும் நுனியிலிருந்து ஒரே அளவைக் குறியுங்கள், காலைச் சுற்றி நான்கு பக்கமும் கோடு போடுங்கள். முதலில் 8 செ.மீ. மட்டும் அறுங்கள். இன்னும் ஒரு செ.மீ. பிறகு எடுக்கலாம், அறுத்ததை ஒட்ட முடியாது. தட்டச்சுக்கு மேசை முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தால் சுகம். பேனாவால் எழுத மூன்று நான்கு செ.மீ. மேலே இருக்கணும். இரண்டும் செய்கிறவருக்கு 66–67 நடுத்தரம். அடியில் ரப்பர் புஷ் மாட்டினால் தரை ஏற்ற இறக்கத்தையும் சமாளிக்கலாம்.

நாற்காலியில் ஒரு சோதனை: முதுகு சாய்மானத்தில் பட உட்கார்ந்தால், இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் நுழையணும். நுழையாவிட்டால் இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம்; முதுகுக்கு ஒரு தலையணை வைத்தே ஆகணும். கைப்பிடி மேசை விளிம்பில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். காலை அறுத்த பிறகுதான் இந்தச் சிக்கல் வெளியே தெரியும்.

மானிட்டரின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் அல்லது ஓரிரு விரல் கீழே. படிப்பதற்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போடுகிறவர் என்றால் இன்னும் நாலைந்து செ.மீ. இறக்குங்கள், இல்லாவிட்டால் கழுத்தை அண்ணாந்தே படிக்க வேண்டிவரும். 2 அடி ஆழ மேசையில் மானிட்டர் ஸ்டாண்டே கால்வாசி இடத்தைத் தின்றுவிடும், திரை முகத்துக்கு அருகே வந்துவிடும். விளிம்பில் கவ்வும் மானிட்டர் ஆர்ம் போட்டால் திரை சுவர்ப்பக்கம் போய், கைநீளத் தூரம் கிடைக்கும். முதலில் மானிட்டர் முதுகில் 75×75 அல்லது 100×100 மி.மீ. திருகுத்துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்ம் பின்னால் மடங்கும், அதனால் மேசையைச் சுவரிலிருந்து ஏழெட்டு செ.மீ. தள்ளிப் போடணும். பார்ட்டிகிள் போர்டு மேசை என்றால் கவ்வும் இடத்தில் மேலும் கீழும் இரும்புத் தகடு வையுங்கள். நேராகக் கவ்வினால் பலகை நாளடைவில் நொறுங்கும்.

லேப்டாப்பை மடியில் வைப்பதற்கும் மேசையில் தட்டையாக வைப்பதற்கும் கழுத்துக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டாண்ட் ஒன்று, தனிக் கீபோர்டு, மவுஸ். இதில் பேரமே கிடையாது.

---

நிழல்கோடு எழுதியது:

மேசை வடக்குச் சுவருக்குப் போகட்டும். மேற்கு மூலையிலிருந்து இரண்டரை அடி விட்டு ஆரம்பித்தால் ஆறரை அடியில் முடியும், கதவு நிலைக்கு ஒரு அடி மிச்சம். வடக்கே பார்த்து உட்கார்ந்தால் சன்னல் இடது கைப்பக்கம் வரும். வலது கையால் எழுதும்போது கையின் நிழல் தாளில் விழாது. திரையும் சன்னலுக்குச் செங்குத்தாக இருக்கும்: வெளிச்சம் கண்ணுக்கு நேரேயும் இல்லை, திரையில் பிரதிபலிக்கவும் இல்லை. கதவு வலப்பக்கம் முன்னால் இருப்பதால் யார் வந்தாலும் தெரியும்.

மேற்கு வெயில் தாழ்ந்து வரும். அதற்குக் கிடைமட்டப் பட்டைகளைவிடச் செங்குத்துப் பட்டைத் திரை பொருத்தம். சூரியன் இருக்கும் திசையை மட்டும் மறைத்து மற்றப் பக்க வெளிச்சத்தை உள்ளே விடலாம். சூட்டைத் தடுக்கணும் என்றால் மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்கணும். உள்ளே தொங்கும் திரைச்சீலை வெளிச்சத்தைத் தடுக்குமே ஒழிய, கண்ணாடியைத் தாண்டிய சூடு அறைக்குள்தான் நிற்கும்.

இரவு விளக்குக்குக் கணக்கு இதோ. அறை ஏறத்தாழ 8.4 சதுர மீட்டர். மேசை மட்டத்தில் பொது வெளிச்சம் 300 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்; லூமன் என்பது விளக்கு தரும் ஒளியின் அளவு) வேண்டும் என்றால் 8.4 × 300 = சுமார் 2,500 லூமன். சுவரும் கூரையும் விழுங்குவதைச் சேர்த்தால் விளக்கிலிருந்து 4,000 லூமனாவது புறப்படணும். 20 வாட் எல்இடி பேட்டன் (டியூப் போன்ற நீள விளக்கு) இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 2,000 லூமன், போதும். இப்போதுள்ள நடு டியூப் வடக்கே பார்த்து உட்கார்ந்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தலை நிழல் மேசையில், டியூப் திரையில். அதனால் இரண்டையும் வடக்கு தெற்காக, மேசையின் இடமும் வலமுமாகக் கூரையில் போடுங்கள். இடது பக்கம் 400–500 லூமன் மேசைவிளக்கு ஒன்று. தாளில் 500 லக்ஸ் வந்துவிடும்.

எல்லா விளக்கும் 4,000 கெல்வின் (ஒளியின் நிற அளவு). ஒன்று மஞ்சள், ஒன்று நீலவெள்ளை என்று கலந்தால் வீடியோவில் பாதி முகம் காமாலை, பாதி முகம் சாம்பல். வாங்கும்போது கடையிலேயே போனில் ஸ்லோமோஷன் எடுத்துப் பாருங்கள். பட்டை பட்டையாகத் துடித்தால் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் தரும் சுற்று) மட்டம், வேண்டாம்.

அடர்நீலம் நாலு சுவருக்கும் வேண்டாம் என்பேன். அடர்நிறச் சுவர் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தால் பெரிது, மேலே போட்ட கணக்கெல்லாம் தப்பிப்போகும். அதோடு இருட்டுச் சுவருக்கு முன் பளிச்சென்ற திரை கண்ணைச் சோர்த்துவிடும். தெற்குச் சுவருக்கு மட்டும் நீலம் அடியுங்கள். அது உங்கள் முதுகுப்பக்கம், வீடியோ காலில் பின்னணியாக அழகாக விழும். எதிர்ச்சுவர் வெளிர்சாம்பல் அல்லது சந்தனம், கூரை வெள்ளை. எல்லாம் மேட். நிறத்தைச் சுவரிலேயே சோதிக்காதீர்கள், 60×60 செ.மீ. அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், சாயங்காலம், விளக்கொளி என நான்கு நேரமும் அந்தந்தச் சுவரில் சாய்த்துப் பாருங்கள்.

---

பஞ்சுப்பொதி எழுதியது:

எதிரொலி பற்றி மட்டும். அறை நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டுங்கள். 'ட்ர்ர்ர்' என்று வால் நீண்டால், எதிரெதிர் வெற்றுச்சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தாடுகிறது என்று அர்த்தம். முட்டை அட்டை வடிவ மெல்லிய ஃபோம் கீச்சுச் சத்தத்தை மட்டும் குடிக்கும். குரலின் கனமான பகுதி அப்படியே உருண்டுகொண்டிருக்கும். கேட்பவருக்குப் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும், அவ்வளவுதான் மாற்றம். தீப்பிடித்தால் அது வேறு தொல்லை.

5 செ.மீ. தடிமன் கண்ணாடிக் கம்பளி (கிளாஸ் வூல்) அல்லது பாறைக் கம்பளி (ராக் வூல்) பலகை, 60×120 செ.மீ., துணி போர்த்தி நான்கு. இரண்டு மானிட்டருக்குப் பின்னால் வடக்குச் சுவரில் (குரல் முதலில் மோதுவது அங்கேதான்), ஒன்று கிழக்குச் சுவரில் உட்கார்ந்த தலை மட்டத்தில், ஒன்று தெற்குச் சுவரில். சுவரோடு ஒட்டாமல் 5 செ.மீ. இடைவெளி விட்டு மாட்டினால் அதே பலகை இன்னும் தாழ்ந்த ஒலியையும் பிடிக்கும். தெற்கே புத்தக அலமாரி வைக்கிறவர் அந்த நான்காவதை விட்டுவிடலாம். தரையில் 4×6 அடி கம்பளம். நிழல்கோடு சொன்ன பட்டைத்திரை ஒலிக்கு உதவாது. அதன் உள்பக்கம், சன்னல் அகலத்தைப்போல இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்போடு ஒரு சீலையும் தொங்கவிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் வெளிச்சத்தம் குறையாது. உள்ளே சுழலும் ஒலியை உறிஞ்சுவது ஒரு வேலை, வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது வேறு வேலை. இரண்டாவதற்குக் கதவின் இடுக்குகளை அடைக்கணும்: நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை, கீழே பிரஷ் அல்லது ரப்பர் நாக்கு.

---

கம்பிச்சுருள் எழுதியது:

பஞ்சுப்பொதி சொன்னபடி கதவை அடைத்தால் மூச்சுக்கணக்கையும் போட்டுவிடுங்கள். அறையின் கொள்ளளவு சுமார் 24 கன மீட்டர். உட்கார்ந்து வேலை செய்பவர் மணிக்கு 18 லிட்டர் போல கரியமிலவாயு விடுகிறார். முற்றாக மூடிய அறையில் ஒரு மணி நேரத்தில் 750 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஏறும். வெளிக்காற்றிலேயே 420 இருக்கிறது, ஆக முதல் மீட்டிங் முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். கொட்டாவியும் தலைபாரமும் தொடங்கும். ஏசி இருந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், வீட்டு ஸ்ப்ளிட் ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வீடியோ கால் இல்லாத நேரமெல்லாம் சன்னலையும் கதவையும் சேர்த்துப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள்.

செடி இதற்கு ஈடாகாது. செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று 1989 நாசா அறிக்கையைக் காட்டிச் சொல்லுவார்கள். அது மூடிய சிறு பெட்டிக்குள் நடந்த சோதனை. கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு மணிபிளான்ட் வையுங்கள், தாராளமாக. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மேலே மட்டும் தொட்டி வேண்டாம்.

மின்சாரம்: லேப்டாப் 65 வாட், மானிட்டர் 30, மேசைவிளக்கு 10, ரவுட்டர் 10–15. மொத்தம் 150ஐத் தாண்டாது. இதற்கு ஒரு பாயிண்டே போதும், சிக்கல் இடத்தில்தான். தெற்கிலிருந்து வடக்குக்குக் கம்பளத்துக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் இழுக்காதீர்கள். நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறி உறை நைந்து, யார் கண்ணிலும் படாமலே சூடாகும். சுவரோரம் பைப் போட்டு வடக்குச் சுவருக்கு இரண்டு பெட்டி: ஒன்று மேசைக்கு அடியில், ஒன்று மேசைக்கு 10 செ.மீ. மேலே. இந்த வேலை பெயிண்டுக்கு முன்னால் முடியணும். லேசர் பிரிண்டர் வாங்கினால் யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள்; உள்ளே உருளை சூடாகும் சில விநாடி பல நூறு வாட் இழுத்து யுபிஎஸ்ஸை அலற வைக்கும்.

மேசை அடியில் கம்பித் தட்டு ஒன்று திருகி, எக்ஸ்டென்ஷனையும் அடாப்டர்களையும் அதில் போட்டால் தரைக்கு ஒரே ஒரு ஒயர்தான் இறங்கும். கட்டுவதற்கு வெல்க்ரோ. பிளாஸ்டிக் டேக் போட்டால் ஒவ்வொரு தடவையும் வெட்டணும், ஒருநாள் டேக்கோடு ஒயரும் போகும்.

---

நீலச்சுவர் எழுதியது:

முழங்கை 64 வந்தது. நாற்காலி 41இல் இருக்கிறது. அறுத்தால் தொடை இடிக்காதா? அப்புறம், பலகைகளை மாட்டுவது பெயிண்டுக்கு முன்னா பின்னா?

---

மரத்தூள் எழுதியது:

மேசை 67க்கு வந்தால் பலகைத் தடிமன் இரண்டரை போக அடிப்பக்கம் 64.5. அதற்கும் இருக்கைக்கும் நடுவே 23.5 செ.மீ. தொடைக்கு 15–16 போதும், தாராளம். ஆனால் கம்பிச்சுருள் சொன்ன தட்டைப் பின்விளிம்பில் மாட்டுங்கள், நடுவில் மாட்டினால் முழங்கால் வாங்கிக்கொள்ளும். பலகைகளுக்கு ஆணித்துளை பெயிண்டுக்கு முன், மாட்டுவது கடைசிக் கோட் நன்றாகக் காய்ந்த பிறகு.