வர்ணத்தில் குரல் மட்டும் காணாமல் போனது

சலங்கைஅப்பா:
பெண்ணின் சலங்கை பூஜைக்கு ரெக்கார்டட் மியூசிக்தான். லேப்டாப்பில் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (பாட்டை வெளியே எடுத்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி) மாட்டி வீட்டிலேயே கேட்டுப் பார்த்தாயிற்று. மண்டபத்தில் மைக் செட்காரர் ஒரு ஸ்டீரியோ பி-38 வயரை (கால் அங்குலப் பின் உள்ளது) அந்த இன்டர்ஃபேஸின் ஹெட்போன் ஓட்டையில் சொருகி, மறுமுனையை மிக்ஸரின் லைன் இன்னில் கொடுத்தார். வர்ணம் தொடங்கியது. வயலின் கேட்கிறது, குகைக்குள்ளிருந்து வருவது போல எதிரொலி கேட்கிறது, பாடுகிறவர் குரல் இல்லை! மிருதங்கமும் இல்லை. பிள்ளை அரைமண்டியில் அப்படியே நிற்கிறாள். டீச்சர் சட்டென்று தட்டுக்கழியை எடுத்து, மைக்கூட இல்லாமல் தானே பாட ஆரம்பித்தார். அந்த ஒரு நிமிடம் இன்னும் என்னை விடவில்லை. "லேப்டாப்தான் கோளாறு" என்றார் மைக் செட்காரர். ஹெட்போனில் குரல் கணீரென்று கேட்டதே? யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

சுருதிப்பெட்டி:
எங்களுக்குக் குரல் போகவில்லை, சுருதி போயிற்று. ட்ராக் 44,100 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில், அதாவது விநாடிக்கு அத்தனை ஒலி மாதிரிகளாக, பதிவானது. இன்டர்ஃபேஸ் 48,000இல் ஓடியது, ப்ளேயருக்கு அது தெரியவில்லை. ஐந்து கட்டைப் பாட்டு ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் போய் நின்றது. பாடகி வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை! 5 நிமிடப் பாட்டு சுமார் 24 விநாடி முன்னாலேயே முடிந்துவிட்டது. உங்களுக்கும் இதுவாகத்தான் இருக்கும், செட்டிங்கைப் பாருங்கள்.

பழையமிக்ஸர்:
சுருதிப்பெட்டி சொல்வது இங்கே பொருந்தாது. வேகம் மாறினால் குரல் கீச்சிடும், காணாமல் போகாது. கோயில் விழாவில் நாதஸ்வர ரெக்கார்டிங்கில் நானும் இதைப் பார்த்திருக்கிறேன், தவில் சத்தமே வரவில்லை. காரணம் வயர்தான். ஹெட்போன் பின்னின் நுனியில் இடது, நடு வளையத்தில் வலது. மிக்ஸரின் பேலன்ஸ்டு லைன் இன் (ஒரே ஒலி நேராகவும் தலைகீழாகவும் வரும் என்று எதிர்பார்க்கும் இணைப்பு), இந்த இரண்டில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடும். இரண்டு பக்கமும் சமமாகப் பதிந்த குரலும் மிருதங்கமும் அடிபட்டுப் போகும், ஒரு பக்கம் தள்ளிப் பதிந்த வயலின் தப்பிக்கும். இனிமேல் ஹெட்போன் ஓட்டையைத் தொடாதீர்கள். இன்டர்ஃபேஸின் பின்புறம் 1, 2 என்று இருக்கும் அவுட்டிலிருந்து இரண்டு வயர், மிக்ஸரில் இரண்டு சேனல். ஹெட்போன் அவுட்தான் கதி என்றால், ஒரு ஸ்டீரியோ பின் இரண்டு மோனோ பின்னாகப் பிரியும் ஒய் வயர். மேடை தூரமென்றால் நடுவில் டிஐ பாக்ஸ் (நீண்ட வயரில் இரைச்சல் ஏறாதபடி ஒலியை மாற்றி அனுப்பும் பெட்டி). அப்புறம், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீர்கள், உயிர் விஷயம்.

சுருதிப்பெட்டி:
சரி, வயர் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சார்ஜரைக் கழற்றுவது சோதனைக்கு மட்டும்தான். இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் பேட்டரி பாதியில் படுத்தால் யார் பாடுவது? டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் (ஆடியோ வயரின் கிரவுண்டை மட்டும் பிரிப்பது, கரண்ட் எர்த்தைத் தொடாது) இருக்கும், அதைப் போடச் சொல்லுங்கள்.

சலங்கைஅப்பா:
பக்கத்து சர்ச்சில் மிக்ஸர் கேட்டு வாங்கி அதே வயரில் போட்டுப் பார்த்தேன். அதே வர்ணம், அதே இடம், குரல் இல்லை. ஒய் வயர் மாட்டியதும் வந்துவிட்டது. பழையமிக்ஸர் ஐயா, மிக்க நன்றி. தை மாதம் அரங்கேற்றம் வருகிறது. டிஐ பாக்ஸ் வாடகைக்குக் கிடைக்குமா?