புதுப்பிப்பு: மின்னொளிக் கபடிப் படங்களுக்கான ஃபோகஸ், மீட்டரிங்

வேளச்சேரியில் மின்னொளியில் எடுத்த கபடிப் படங்களில் ஃபோகஸ் ரெய்டரை (பாடிச் செல்லும் வீரரை) விட்டுத் தாவுவதையும் முகங்கள் இருண்டுபோவதையும் பற்றிக் கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

நேற்றைய ஆட்டத்தில் நகர்பவரை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸை வைத்து, சிறு பகுதி ஃபோகஸ் புள்ளிகளை ரெய்டரின் மார்பில் நிறுத்தி, குறுக்கே வருபவரிடம் உடனே தாவாதபடி பின்தொடரும் வேகத்தையும் குறைத்ததும் பெரும்பாலான படங்கள் துல்லியமாக வந்தன. ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் கேமரா அளப்பது) உதவவில்லை: வெள்ளைச் சட்டை வந்தால் படம் இருண்டது, கறுப்புச் சட்டை வந்தால் வெளிறியது. மேனுவலில் ஷட்டர் 1/1000 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 6400 என்று நிலைநிறுத்தச் சொன்ன ஆலோசனையே பலித்தது. மைதானத்து ஒளி மாறாதபோது அளவீட்டைக் கேமராவிடம் விடத் தேவையில்லை.

எதிர்பாராதது ஒன்று: அடுத்தடுத்து எடுத்தவற்றில் சில மட்டும் மங்கி, நிறம் திரிந்திருந்தன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மைதான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கியதே காரணம்; கேமராவின் ஃபிளிக்கர் (மினுங்கல்) குறைப்பை இயக்கியபின் சீராயிற்று, தொடர்ந்து படமெடுக்கும் வேகம் மட்டும் சற்றுக் குறைந்தது.