பிரவுசிங் சென்டர் நோட்டைக் கேட்டு வந்தபோது

மன்னார்குடி பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கி, வாசல் வரைக்கும் கூட்டம் நின்ற நேரத்தில் ஒரு ஏட்டய்யா வந்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்திருக்கிறது, அனுப்புகிறவர் யாரென்று மறைக்கிற டார் மென்பொருள் வழியாக அனுப்பியிருப்பதால் ஆள் யாரென்று தெரியவில்லை, அதனால் வருகிறவர்கள் விவரம் எழுதிவைக்கிற நோட்டை எல்லா சென்டரிலும் எடுக்கிறோம் என்றார். "குடுங்க தம்பி, போன்ல போட்டோ எடுத்துட்டுத் தந்துடுறேன்."

2011 சைபர் கஃபே விதிப்படி நோட்டை ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும், ஆய்வுக்கு வந்தால் காட்டவும் வேண்டும். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அந்த நோட்டில் பெயர், முகவரி, செல் நம்பர், வந்த நேரம், போன நேரம் எல்லாம் இருக்கிறது, ஜீவனாம்ச மனு டைப் அடிக்க வந்த பெண், பங்காளிக்குத் தெரியாமல் சிட்டா எடுத்தவர் என்று ஊரே இருக்கிறது. அது யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் போய் உட்கார்ந்தால் அவர்கள் கதி என்ன?

டாரில் மூன்று கணினி வழியாகத் தகவல் போகும், முதல் கணினிக்கு உங்களைத் தெரியும், கடைசிக் கணினிக்குப் போகிற இடம் தெரியும், இரண்டும் சேர்ந்து யாருக்கும் தெரியாது. அப்படியிருந்தும் ஆட்கள் பிடிபட்டிருக்கிறார்கள். 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு இதே மாதிரி மிரட்டல் மெயில் அனுப்பிய மாணவர் டார்தான் பயன்படுத்தினார், ஆனால் பல்கலைக்கழக வைஃபையில் இருந்து. அந்த நேரத்தை ஒட்டி அங்கே டாரில் இருந்தது யார் என்று பார்த்து விசாரித்தார்கள், ஒப்புக்கொண்டார். டாரில் இயங்கி 2017இல் முடக்கப்பட்ட ஆல்ஃபாபே என்ற இணையக் கள்ளச்சந்தையை நடத்தியவர், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போன வரவேற்பு மெயிலில் தன் சொந்த ஹாட்மெயில் முகவரியை விட்டுவைத்ததால் சிக்கினார். குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட தடயம் என்று பொறுமையாகத் தேடிய போலீஸ் வேலை அது. எல்லார் நோட்டையும் அள்ளுவது ஒரு விராலுக்காக ஏரியையே இறைக்கிற வேலை.

இதையெல்லாம் ஏட்டய்யாவிடம் சொல்லவில்லை. "சார், மெயில் எத்தனை மணிக்குப் போச்சுன்னு சொல்லுங்க, அந்த நேரத்துப் பக்கத்த இப்பவே ஜெராக்ஸ் போட்டுத் தர்றேன், மொத்தமா வேணும்னா ஸ்டேஷன்லேருந்து எழுதிக் குடுங்க" என்றேன். முகம் மாறியது. அப்புறம் இன்ஸ்பெக்டரிடம் பேசிவிட்டு நேரத்தைச் சொன்னார். ஒரே ஒரு பக்கம் போனது, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கினேன்.

2017இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்னபோது, அரசு கைவைத்தால் சட்டமும் தேவையும் இருக்க வேண்டும், தேவையின் அளவுக்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னது. காப்பீடு கட்ட வந்த விவசாயிக்கும் அது உண்டு. பட்டுக்கோட்டை, மயிலாடுதுறைப் பக்கம் சென்டர் வைத்திருப்பவர்கள் யாரிடமாவது நோட்டை மொத்தமாகக் கேட்டார்களா? எழுதிக் கொடுத்தார்களா, சும்மா எடுத்துப் போனார்களா?