பின் அச்சில் ஊளைச் சத்தம், ரிவர்ஸில் 'டொக்': கிரவுனா, பேரிங்கா?

கேட்டவர்:
வணக்கம். பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றும் டீசல் பிக்கப் என்னுடையது, பின்சக்கர இழுவை. பத்து நாளாக 40-ஐத் தாண்டியதும் பின்னாலிருந்து 'ஊம்ம்' என்று சத்தம், 60-ல் கேபினுக்குள் பேசவே முடியவில்லை. ரிவர்ஸ் போட்டு கிளட்சை விட்டால் அடியில் 'டொக்'. மெக்கானிக் கிரவுன் பினியன் செட்டையே (பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) மாற்றணும் என்கிறார். செலவை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அதற்கு முன் வேறென்ன பார்க்கலாம்?

பதில்:
தம்பி, அவசரப்பட்டு கிரவுனைத் திறக்க விடாதீர்கள். இரண்டு சத்தத்துக்கும் காரணம் ஒன்றாக இருக்கணும் என்றில்லை. 'டொக்' பெரும்பாலும் ஜாயிண்ட் கிராஸ், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டின் மூட்டு. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கிராஸின் இரண்டு பக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் ஆட்டம் கையில் தெரியும். ஊளைக்கு, சமமான ரோட்டில் 60-ல் ஆக்சிலரேட்டரை மிதித்தும் விட்டும் பாருங்கள். பினியன் என்றால் மிதிக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது ஒரு மாதிரி கேட்கும். வீல் பேரிங் என்றால் கால் எடுத்தாலும் அப்படியேதான், வேகம் குறைந்தால்தான் குறையும். அப்புறம், வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரத்தில் இறங்கும், அதனால் வலப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் இடது பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

கேட்டவர்:
கால் எடுத்தாலும் மாறவில்லை அண்ணா, வலது வளைவில் கூடுகிறது. இடது பின் டயரின் உள்பக்கம் எண்ணெயும் வழிந்திருக்கிறது.

இன்னொருவர்:
அது ஹவுசிங் (பின் அச்சின் கூடு) ஆயில் என்றால் பிரேக் ஷூவும் நனைந்திருக்கும். சரிசெய்யும்வரை தயவுசெய்து லோடோடு தொப்பூர் கணவாய் இறங்காதீர்கள். ஆயில் கசியாமல் தடுக்கும் சீலை மாற்றும்போது ஹவுசிங் மேலிருக்கும் பிரீதரையும் (காற்றுப் போக்கி) பாருங்கள், அது அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை சீல் வழியாகத் தள்ளும், புது சீலும் கசியும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், பின்பக்கம் தூக்கிவிட்டால் அதனால் பயனில்லை. முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

கேட்டவர்:
நான்கு நாள் ஆச்சு, வேலை முடிந்தது. இடது பேரிங்கில் உருளைகள் குழி விழுந்திருந்தன, பிரீதர் சேற்றால் அடைத்துக் கிடந்தது. பேரிங், சீல், ஷூ, கிராஸ் மாற்றினோம். வடித்த ஆயிலில் காந்தத்தில் மாவு போன்ற தூள்தான், சில்லு இல்லை, அதனால் கிரவுனைத் தொடவில்லை. 90 நம்பர் கியர் ஆயிலை, ஊற்றும் துளையின் விளிம்பு வரை ஊற்றியாச்சு. நேற்று லோடோடு தொப்பூர் இறங்கினேன், பக்கத்தில் இருந்தவர் பேசியது முழுசாகக் கேட்டது. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

பதில்:
நல்லது தம்பி. 500 கி.மீ. ஓடியதும் அந்த டயரின் உள்பக்கத்தை ஒருமுறை துணியால் துடைத்துப் பாருங்கள்.