எந்த எஸ்எம்பிஎஸ் வாங்கணும்? (வெட்டூர்ணிமடம் தெரு குழு)

ஷீபா: அனீஷ், பையன் கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறோம். ஆர்டிஎக்ஸ் 3060. ப்ராசசர் ஐ5 12400எஃப். கேபினெட்டோட வந்த எஸ்எம்பிஎஸ்ல, அதான் உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் பிரிச்சுக் குடுக்குற பெட்டி, 500 வாட்னு போட்டிருக்கு. அதே போதும்னு சொல்லுதான். சரியா?

அனீஷ்: அக்கா, அந்த 500 இருக்கட்டும். சைடு மூடியக் கழட்டி எஸ்எம்பிஎஸ் லேபிளப் பாருங்க. பிளஸ் 12 வோல்ட்னு ஒரு கட்டம் உண்டு. அதுல எத்தன ஆம்பியர்?

ஷீபா: 18

அனீஷ்: 12 × 18 = 216 வாட். ப்ராசசரும் கார்டும் 12 வோல்ட்லதான் ஓடும், அதனால உங்க கணக்குக்கு இது 216 வாட் எஸ்எம்பிஎஸ்.

அனீஷ்: 3060க்கு 170, 12400எஃப் முழு வேகத்துல 117. போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாத்துக்கும் 50 வச்சுக்கிடுங்க. 340 கிட்ட வருது. இதுல கார்டு போடவே செய்யாண்டாம்.

ஜெனிஷ்: அண்ணா, அப்ப 400 வாட் போதும்லா?

அனீஷ்: போதாது மக்கா. கேம்ல லோடு ஏறுற நேரம் கார்டு சில மில்லிசெகண்டு 170ஐத் தாண்டி இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ல இருக்க பாதுகாப்பு அதப் பாத்து கட் பண்ணிரும். ஆட்டத்துக்கு நடுவுல சிஸ்டம் பட்டுன்னு அணையும். பலரும் அதுக்கு விண்டோஸ மாத்திப் போட்டு, ரேம மாத்தி, காசக் கரைப்பாங்க. 3060க்கு அதோட கம்பெனி என்விடியா சொல்லுறதே 550 வாட்தான். லேபிள்ல 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் இருக்கணும். 540 வாட் ஆச்சு.

ஷீபா: 550 போட்டா கரண்ட் பில் கூடாதா?

அனீஷ்: கூடாது அக்கா. கம்ப்யூட்டர் கேக்குறதத்தான் அது இழுக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை பாத்து வாங்குங்க, பாதி லோடுல 85 சதவீதம் கிட்ட திறன் கிடைக்கும். ஆனா அந்த முத்திரை திறனுக்கு மட்டும்தான். ஓவர் கரண்ட், ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு உண்டுமா, எத்தன வருஷம் வாரண்டின்னு தனியாப் பாக்கணும். 5 வருஷம் குடுக்குற மாடலா எடுங்க.

ராஜன் மாமா: ஷீபா, வீட்டுல யூபிஎஸ் எத்தன விஏ?

ஷீபா: 600 மாமா

ராஜன் மாமா: அதுல பெரும்பாலும் 360 வாட்தான் வரும். உள்ள 340 வேணும்னா சுவர்ல இருந்து 340 ÷ 0.85 = 400 வாட் போகும். கேம் ஓடும்போ கரண்ட் போனா யூபிஎஸ் கீச்சுன்னு கத்திட்டு விழுந்திரும். 600 வாட் தாங்குற 1000 விஏ வேணும்.

ராஜன் மாமா: இன்வெர்ட்டர்ல குடுக்கதா இருந்தா பின்னால சுவிட்ச யூபிஎஸ் மோடுல வைக்கணும். கரண்ட் போன பிறகு எஸ்எம்பிஎஸ் 16 மில்லிசெகண்டு அளவுதான் தாக்குப்பிடிக்கும். சாதாரண மோடுல இன்வெர்ட்டர் மாறுறதுக்கு அதவிட நேரம் எடுத்தா சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆயிரும்.

ராஜன் மாமா: இன்னொண்ணு. வெறுங்காலோட கேபினெட்டத் தொட்டா விறுவிறுங்குதா?

ஜெனிஷ்: ஆமா மாமா, ஸ்க்ரூ இருக்க இடத்துல நல்லாத் தெரியும்

ராஜன் மாமா: எர்த் இல்ல மக்கா. எஸ்எம்பிஎஸ் வாசல்லயே லைன்ல இருந்தும் நியூட்ரல்ல இருந்தும் பாடிக்கு ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் போகும். எர்த் இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிரும். இல்லன்னா பாடில 230ல பாதி, 115 வோல்ட் கிட்ட நிக்கும். கரண்ட் கொஞ்சம்தான், ஆனா அந்த நெலமைல டிவில ஹெச்டிஎம்ஐ சொருகினா போர்ட்டு போகலாம். புது எஸ்எம்பிஎஸ் போட்டாலும் இது தீராது. மல்டிமீட்டர்ல லைனுக்கும் எர்த்துக்கும் 230 காட்டணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது. ரெண்டு பின் அடாப்டர், எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் இருந்தா தூக்கிப் போடுங்க. எர்த்த சரி பண்ணிட்டு கார்டு மாட்டுங்க.

மேரி சித்தி (குளச்சல்): எங்க கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் ஃபேன்ல ஒரே தூசி, ஊதினாலும் போகல

அனீஷ்: கடல் காத்துல உப்பும் தூசியும் சேந்து ஈரத்தப் பிடிச்சுக்கிடும் சித்தி. பிளக்க உருவிட்டு வெளிய இருந்து காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டுங்க. எஸ்எம்பிஎஸ்ஸ மட்டும் திறக்காண்டாம், பிளக்க உருவின பிறகும் உள்ள பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம்.

ஜெனிஷ்: அண்ணா, பழைய எஸ்எம்பிஎஸ்ல நாலு பின் மோலக்ஸ், அந்தப் பழைய ரக கனெக்டர், சும்மா கிடக்கு. அதுல இருந்து 8 பின்னா மாத்துற வயர் ஆன்லைன்ல உண்டு

அனீஷ்: வாங்கவே வாங்காத. போர்டுல கார்டு சொருகுற ஸ்லாட்டு குடுக்குறது 75 வாட், மீதிய அந்த 8 பின் வழியாத்தான் கார்டு இழுக்கும். மோலக்ஸ் பின் சூடேறி பிளாஸ்டிக் உருகும். புது எஸ்எம்பிஎஸ்ல பிசிஐஇன்னு எழுதின 6+2 வயர் வரும், அதத்தான் கார்டுல போடணும். சிபியூன்னு எழுதின 4+4ம் அதே மாதிரி இருக்கும், அதக் கொண்டு கார்டுல அமுக்காத. வயரத் தனியாக் கழட்டி மாட்டுற மாடுலர் எடுத்தா பெட்டில வந்த வயர் மட்டும். வேற கம்பெனி வயர் சொருகிக்கும், ஆனா பின் வரிசை மாறியிருந்தா எஸ்எஸ்டி ஒரே நொடில போயிரும்.

ராஜன் மாமா: ஐப்பசி இடிக்கு சுவிட்ச அணைச்சாப் போதாது, பிளக்கையே உருவணும். நெட் வயரையும்.

ஷீபா: சரி. நாளைக்கு கடைக்குப் போய் எடுத்துட்டு வாறோம்

அனீஷ்: காசு குடுக்கும் முன்ன லேபிள் போட்டோ இங்க போடுங்க அக்கா. பில்லுல சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்க, வாரண்டிக்கு அதத்தான் கேப்பாங்க.